டிரைவர் சீட்டில் ஒரு மூடி

ஜனவரி 3

பேட்டரிக் கடைக்காரர் வருஷா வருஷம் காலண்டர்தான் கொடுப்பார். இந்த வருஷம் டைரி கொடுத்துவிட்டார். "மயிலக்கா, எந்த வண்டிக்கு என்ன ஆயில் ஊத்துனீங்கன்னு இதுல எழுதி வையுங்க" என்றார். எழுத என்ன இருக்கிறது? இருபத்தாறு வருஷமாக எல்லாம் என் தலைக்குள்தான் கிடக்கிறது. ஆனாலும் தாள் நல்ல வழவழப்பு. வீணாக்க மனசு வரவில்லை.

எங்கள் பட்டறை அங்கலக்குறிச்சியில், வால்பாறை ரோட்டின் மேலேயே இருக்கிறது. மலை ஏறுகிற வண்டி எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் நாச்சிமுத்து வண்டிக்கு அடியில் படுப்பார். ரங்கன் அவரோடு பதினாறு வருஷமாக இருக்கிறான். நான் முன்னால் ஆயில் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இஞ்சின் அவர் பாடு, எண்ணெய் என் பாடு. எந்த வண்டிக்கு எது என்று அவரே என்னைத்தான் கேட்பார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இருக்கட்டும்.

பட்டறையில் ஒரே ஒரு சட்டம். பழைய ஆயிலை இறக்கினால், இஞ்சின் தலையில் எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றி டிரைவர் சீட்டின் நடுவில் வைத்துவிட வேண்டும். மூடி சீட்டில் இருந்தால் வண்டியில் எண்ணெய் இல்லை, யாரும் சாவியைத் தொடக் கூடாது. புது ஆயிலை ஊற்றிய கைதான் மூடியை எடுக்க வேண்டும், வேறு கை எடுக்கக் கூடாது. அவர் தொழில் கற்ற இடத்தில் இருந்து கொண்டுவந்த சட்டம் இது.

இன்று மூன்று தரம் டீ கேட்டார். மார்கழிக் குளிர் அப்படி.

ஜனவரி 9

தமிழ் வாத்தியார் வண்டிக்கு வீட்டுக்காரர் ஏர் பில்டரைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். ரங்கன் பார்த்துச் சரி செய்தான். அவர் மூக்குக்கண்ணாடி மாற்றிப் பல வருஷம் ஆகிறது. பொள்ளாச்சி போய் மாற்ற வேண்டும்.

ஜனவரி 15

கோகிலா கோயமுத்தூரில் இருந்து பொங்கலுக்கு வந்தாள். இவர் பெற்ற மகளை இரண்டு தரம் தன் தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். டிவி சத்தத்தில் யாருக்குத்தான் புத்தி நிலையாக இருக்கும்?

ஜனவரி 22

இன்று ஒரு மகராசன் பதினைந்து வருஷத்துப் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நெகமத்தில் தேங்காய் வியாபாரம். கடையில் இருப்பதிலேயே உசந்த ஆயில் வேண்டுமாம். பூஜ்யம்-இருபது என்று போட்ட டின்னைக் கைகாட்டினார். மச்சினன் புதுக் காருக்கு அதுதான் ஊற்றுகிறானாம்.

"உங்க மச்சினன் வண்டி புதுசுங்க. அதுக்குள்ள சந்து பொந்தெல்லாம் நெருக்கமா இருக்கும், தண்ணியாட்டம் எண்ணெய்தான் போவும். உங்க வண்டி தேஞ்ச வண்டி. இத ஊத்துனா பாதி ஒழுவிப் போயிரும், மீதி பொகையாப் போயிரும்" என்றேன்.

"நல்ல ஆயில் ஊத்துனா நல்லதுதானுங்களே?"

"ஏனுங்க, மச்சினன் செருப்பு நல்ல செருப்புன்னு போட்டுட்டு நடப்பீங்களா? காலுக்குத் தக்கன வேணாமா?"

உள்ளே இருந்து வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அவகிட்ட வாயக் குடுக்காதீங்க, குடுக்கறத வாங்கிட்டுப் போங்க" என்றார். இருபது-ஐம்பது கொடுத்து அனுப்பினேன். முதல் எண் குளிரில் எவ்வளவு சுளுவாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் அரிசி டிரம்மில் கைவிட்டால் பதினாலாம் நம்பர் ஸ்பேனர். துடைத்துப் பெட்டியில் வைத்தேன். ரங்கனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஜனவரி 28

ரங்கன் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறான். நாலு நாள் வரமாட்டான். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அண்ணன ஒத்தையில வேல செய்ய வுடாதீங்க. போன வாரம் வீலுக்கு நட்டே மாட்டாம ஜாக்கிய எறக்கப் பாத்தாப்ல" என்றான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீ பொறக்கறக்கு முந்தியே இஞ்சினப் பிரிச்சவருடா அவரு. காவடியத் தூக்கிட்டு நட" என்று விரட்டிவிட்டேன்.

போகட்டும், பழனிக்குப் போகிறவனை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஜனவரி 30

காலையில் சூசைராஜ் வந்தான். வால்பாறை டாக்சிக்காரன், டீசல் அம்பாசிடர். பதினோரு வருஷமாக எங்களிடம்தான். அவன் வண்டிக்குப் பதினைந்து-நாற்பது. விடிகாலையில் மேலே வால்பாறைக் குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டும், லோடோடு நாற்பது வளைவு ஏறுகிற சூட்டையும் தாங்க வேண்டும். டின்னை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். பழைய ஆயிலை இறக்கினார், பில்டர் மாற்றினார். நடுவில் கோகிலா போன் செய்தாள், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முடிந்ததா என்றேன். முடிந்தது என்றார். சூசைக்கு ஒரே அவசரம், எஸ்டேட் ஆட்கள் நாலு பேர் ஆழியாறு செக்போஸ்ட்டில் காத்திருந்தார்கள். மூடியைக்கூடப் போடாமல் சீட்டிலேயே விட்டிருந்தார். நான் எடுத்துப் போட்டுத் திருகி, பானெட்டைச் சாத்தினேன். சீட்டில் ஒட்டியிருந்த கறையைத் துடைத்தேன். பதினோரு மணிக்கு வண்டி கிளம்பியது.

மத்தியானத்துக்குத் தக்காளி ரசம், அவரைக்காய்ப் பொரியல். சாப்பிடும்போது போன் வந்தது.

ஜனவரி 31

யாரும் சாகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

ஆழியாறு தாண்டி மூன்றாவது வளைவில் இஞ்சின் இறுகிவிட்டது. பின்சக்கரம் அப்படியே கட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் இழுத்துப் போய்ச் சுவரில் இடித்து நின்றிருக்கிறது. சுவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட முடியவில்லை. ஏறி வந்தவர்களுக்குச் சிராய்ப்பு. சூசைக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு இங்கேயே வந்தார்கள். சூசை மாவுக்கட்டோடு கூட வந்தான். "அண்ணே, என்னண்ணே ஆச்சு? உங்க கையில இருந்து வந்து அரைமணி நேரம் ஓடலயே" என்றான். இவர் வாயைத் திறந்தார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சூசை, தப்பு என்ற மேல. டின்னு மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன். புதுக் காருக்கு ஊத்தற பூஜ்யம்-இருபது உன்ற வண்டிக்குப் போயிருச்சு. அவரு நாங் குடுத்தத ஊத்துனாரு."

சூசை நம்பினான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு டின் மாற்றிக் கொடுத்ததில்லை. அந்தப் பேரை நானே கையால் எடுத்துச் சாக்கடையில் போட்டேன். வலித்தது, பொய் சொல்லவில்லை.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "இத்தன வருசமாக் கடையில உக்காந்து என்ன புடுங்குன?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பிப்ரவரி 2

ரங்கன் மொட்டைத் தலையோடு பஞ்சாமிர்தம் கொண்டுவந்தான். வண்டியைப் பார்த்தான். கீழே படுத்து எண்ணெய் வடிக்கிற போல்ட்டைக் கழற்றினான். ஒரு கரண்டிகூட வரவில்லை. எழுந்து அலமாரிப் பக்கம் போய், அன்று போன் வந்ததுமே நான் கோணிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்த பதினைந்து-நாற்பது டின்னை எடுத்துப் பார்த்தான். சீல் உடையாமல் இருந்தது.

என் முகத்தைப் பார்த்தான். டின்னைத் திரும்ப அதே இடத்தில் வைத்துக் கோணியை இழுத்து மூடினான். "பஞ்சாமிர்தம் சாப்புடுங்க்கா" என்றான்.

பிப்ரவரி 5

பொய்க்கு ஆயுசு அஞ்சு நாள்தான். இஞ்சினைப் பிரித்தவர் அவர்தானே.

காலையில் பிரித்தார். சும்மா சொல்லக் கூடாது, ஸ்பேனர் பிடித்தால் அந்தக் கைக்கு மறதியே கிடையாது. கிராங்க் ஷாஃப்டை வெளியே எடுத்து, பேரிங்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வறட்டி கருகினாற்போலக் கருகியிருந்தது.

"மயிலு, இங்க வா. நீ என்ன ஆயில் குடுத்தேன்னு சொன்ன?"

"பூஜ்யம்-இருபதுங்."

"தண்ணியாட்டம் இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான் புள்ள. சத்தம் வரும், பொக வரும். பத்து மைல்ல இப்படிக் கருவாது." பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். "இது எண்ணெயே இல்லாம ஓடிருக்குது."

ரங்கன் வெளியே போய்விட்டான்.

"அப்ப நான் ஊத்தல" என்றார். ரொம்ப மெதுவாக. "ஊத்தல. செரி. ஊத்தலீன்னா மூடி சீட்டுல இருந்திருக்கோணுமே? மூடிய சீட்டுல வெச்சனா, வெக்கலியா? மயிலு, நீ பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன்.

பிப்ரவரி 9

நான் வேண்டாம் என்றதைக் கோகிலா கேட்கவில்லை, இவரைக் கோயமுத்தூர் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். இவர் வட்டம் அழகாக வரைந்தார், எண்களை எல்லாம் ஒரே பக்கம் குவித்து வைத்தார். மூன்று சொல் சொல்லித் திருப்பிக் கேட்டார், ஒன்றும் வரவில்லை. காரில் பிஸ்டன் எத்தனை, வால்வு எத்தனை என்று இவர் அவருக்குப் பாடம் எடுத்தார்.

டாக்டர் என்னிடம், "எவ்ளோ நாளாம்மா இப்படி?" என்றார். ஒரு மாதம் என்றேன். கோகிலா என்னை முறைத்தாள். இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக இவர் விட்டதை எடுத்து வைத்து, மறந்ததை முடித்து வைத்து, இவருக்கே தெரியாமல் நடத்திக்கொண்டு வந்திருக்கிறேன். போதுமா?

பிப்ரவரி 12

பட்டறைக்கு வர மறுக்கிறார். சூசை வண்டி பிரித்தபடியே கிடக்கிறது. நாள் பூராவும் கட்டிலில் உட்கார்ந்து வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். சோறு இறங்கவில்லை.

"ஊத்த மறந்தது கூடப் போவுது. மனுசன் மறப்பான். அதுக்குத்தான அந்தச் சட்டமே. மூடி வெக்க இந்தக் கை மறந்துதுன்னா, அப்புறம் இது என்ன கை? அஞ்சு பேரக் கொல்லப் பாத்த கை."

பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 14

ரங்கன் என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "அண்ணனுக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்க, உங்களாட்ட யாருக்குங்க்கா வரும்" என்கிறான். அந்த வார்த்தை என்னை அறுக்கிறது. இதிலாவது எழுதிவிடுகிறேன்.

மூடி சீட்டில் இருந்தது. நட்ட நடுவில், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்திருந்தார். அந்தக் கை மறக்கவில்லை. அதை எடுத்தது நான். சட்டம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மூடியைப் பார்த்ததும் எனக்கு எண்ணெய் ஞாபகம் வரவில்லை. 'ஐயோ, மூடி போடவும் மறந்துட்டாரே, சூசை பாத்துடப் போறானே' என்றுதான் வந்தது. அரிசி டிரம்மில் இருந்து ஸ்பேனரை எடுத்துத் துடைத்து வைத்த மாதிரியே மூடியையும் எடுத்துத் திருகிவிட்டேன். ஒரு குச்சியை விட்டு எண்ணெய் அளவு பார்க்க எவ்வளவு நேரமாகும்? பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று பார்க்கவில்லை.

நான் தப்பான ஆயில் கொடுத்தேன் என்றது பொய். தப்பு என் மேல் என்றது நிஜம்.

அவரிடம் சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்? பயமாக இருக்கிறது. ஒன்பது நாள் அவரை வேக விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 15

சொல்லிவிட்டேன்.

காலையில் டீயைக் கொடுத்துக் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏனுங், மூடிய நீங்க வெச்சிருந்தீங்க. சீட்டுக்கு நடுவுல. நாந்தானுங் எடுத்துப் போட்டேன்."

அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். திரும்பி, "நெசமாவா?" என்றார்.

"நெசமாலுமுங். என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்."

அந்த முகத்தை எப்படி எழுதுவது? என் மேல் ஒரு பொட்டுக் கோபம் இல்லை. "வெச்சிருந்தேன், பாத்தியா" என்றார். "வெச்சிருந்திருக்கேன்." கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. டீயைக் குடித்துவிட்டு, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்தார்.

உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகை.

பிப்ரவரி 16

காலையில் டீ கொடுத்தேன். வலது கையைப் புரட்டிப் பார்த்தார்.

"மயிலு, அன்னிக்கு மூடிய நான் சீட்டுல வெச்சனா, வெக்கலியா? நீ பாத்தியா?"

பிப்ரவரி 17

கேட்டார். சொன்னேன்.

பிப்ரவரி 18

கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு நாளும் புதிதாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவர் முகம் புதிதாக விடிகிறது. எந்தச் சாமி கொடுத்த தண்டனை என்று தெரியவில்லை, சரியாகத்தான் கொடுத்திருக்கிறது.

பிப்ரவரி 24

கிராங்க் ஷாஃப்ட் பொள்ளாச்சி லேத்தில் இருந்து வந்துவிட்டது. புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங். இஞ்சினை அவரும் ரங்கனும் கட்டுகிறார்கள். காலையில் நான் சொல்கிற ஒரு வாக்கியம் சாயங்காலம் வரைக்கும் அவரைத் தாங்குகிறது. என்ன மாதம் என்று கேட்டால் சொல்ல மாட்டார். ரிங்கின் இடைவெளியை நகத்தால் தொட்டுச் சரியா தப்பா என்று சொல்கிறார்.

மார்ச் 3

இன்று வண்டிக்கு எண்ணெய் ஊற்றினோம்.

"என்ன ஆயில் புள்ள?" என்றார். கட்டி முடித்த புது இஞ்சினுக்கு முதல் எண்ணெய் சாதாரண எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடு ஒன்று உரசிப் பழக வேண்டும். உசந்த வழுக்கல் ஆயில் ஊற்றினால் உரசவே விடாது, பழகவே பழகாது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதை இறக்கிவிட்டுப் பழையபடி பதினைந்து-நாற்பது. இதைச் சொன்னேன். தலையாட்டினார்.

அவர் ஊற்றினார். நான் பக்கத்தில் நின்றேன், ரங்கன் குச்சியை விட்டு அளவு பார்த்தான். அவர் நடந்து போய்க் கதவைத் திறந்து, சீட்டில் இருந்து மூடியை எடுத்து வந்து திருகினார். நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம்.

சூசை வந்தான், கட்டுப் பிரித்திருந்தான். அவனைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூடியையும் சொன்னேன். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டான் என்று நினைத்தேன்.

ரொம்ப நேரம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். "அக்கா, எண்ணெய் இல்லைன்னா எரியற ஆயில் லைட்டு பல்பு போயி மூணு மாசம் ஆச்சு. மாத்தச் சொல்லி அண்ணன் ரெண்டு தடவ சொன்னாரு. அது எரிஞ்சிருந்தா இங்கயே நின்னுருப்பேன்" என்றான். "புது பல்பு போட்டீங்களா?"

போட்டிருந்தோம். அவர்தான் போட்டார்.

மார்ச் 19

கேட்டார். சொன்னேன். இன்று எரிச்சலில், "ஆமாங், வெச்சீங்க, வெச்சீங்க" என்று சிடுசிடுத்துவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. திரும்ப ஒழுங்காகச் சொன்னேன்.

ஏப்ரல் 6

அவரை இனி வண்டிக்கு அடியில் விடுவதில்லை. முன்னால் என் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கிறேன். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிறார். கேட்டார். சொன்னேன்.

ஏப்ரல் 23

கேட்டார். எந்த வண்டி என்று தெரியவில்லை, மூடி மட்டும் ஞாபகம் இருக்கிறது. சொன்னேன்.

மே 11

இன்று கேட்கவில்லை.

டீயைக் குடித்தார். ஸ்கூல் வேனுக்கு ரங்கன் ஆயில் இறக்கி, மூடியை சீட்டில் வைத்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோதும் கேட்கவில்லை. தினமும் கேட்கிறாரே என்று எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்! இன்று ஒவ்வொரு நிமிஷமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு ஸ்டூலை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். "ஏனுங், அன்னிக்கு மூடிய நீங்க சீட்டுல வெச்சிருந்தீங்க. நாந்தான் எடுத்துட்டேன்" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார், வாசலில் வந்து நிற்கிற புது ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"பரவால்லீங்க. தெரியாம எடுத்திருப்பீங்க. என்ன வண்டிங்க உங்குளுது?"

"அம்பாசிடருங்க. டீசல்" என்றேன்.

"இஞ்சின நாம் பாத்துக்கறேன். ஆயில் எதுன்னு மட்டும் என்ற சம்சாரத்தக் கேட்டுக்கோங்க" என்று அலமாரிப் பக்கம், என் காலி நாற்காலியைக் கைகாட்டினார். "இப்ப வந்துருவா. அவ ஒரு நாளும் தப்பாக் குடுத்ததில்லீங்க."

சரிங்க, கேட்டுக்கறேன் என்றேன்.